நாளொன்றுக்கு நானூறு பீடி

தொம்மலூர் முத்தம்மாவின் நுரையீரல் அரசாங்க நடைமுறைப்படி கெட்டுப்போகவில்லை என்பது 2004-ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடிக்கப்பட்டது.

முப்பது வருஷமாக, ஜன்னலில்லாத ஒற்றை அறையில் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்து, பக்கத்து ஆபீஸ்களுக்குக் கேரியர் சாப்பாடு அனுப்புகிறவள். இப்போது நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. தினமும் மூச்சோடு உள்ளே இழுக்கச் சொல்லி டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். அதை இலவசமாக வழங்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் சேஷகிரி வீற்றிருந்தார்.

“விண்ணப்பத்துல ஏழாவது கட்டம் காலியா இருக்கே. தினம் எத்தனை பீடி?”

“ஐயய்யோ, பீடியத் தொட்டதே இல்ல சார்.”

“அப்போ இந்த நோய் உனக்கு வர வாய்ப்பே இல்லையே!”

“வந்திருச்சே சார். அடுப்புப் புகையாலன்னு டாக்டர் சொன்னாரு.”

“அடுப்புக்குக் கட்டம் இல்லம்மா. பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காது.”

இருமல் வந்து முத்தம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். சேஷகிரி இரக்க மனசுக்காரர்; ஃபைலை ஓரமாக நகர்த்திவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தார். ஒரு கட்டு விறகுக்கு இருநூறு பீடி, தினம் இரண்டு கட்டு, ஆக நானூறு. இவ்வாறாக, வெற்றிலைகூடப் போடாத முத்தம்மா அந்தப் பதிவேட்டிலேயே முதல்தரமான பீடிக்காரியானாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. மூச்சு வேண்டுமே, தலையாட்டினாள்.

“பழக்கத்தை விட்டவங்களுக்குத்தான் மருந்து. இன்னையிலிருந்து விட்டுட்டேன்னு கையெழுத்துப் போடு.”

“அடுப்பையா? சந்தோஷமா விட்டுடறேன் சார். கேஸ் வாங்கலாம்னுதான் இருந்தேன். கேரியர் சாப்பிடறவங்கதான் ருசி போயிடும்னு விடல.”

“யாரும்மா அந்த மனசாட்சி இல்லாதவங்க? உயிர் பெருசா, ருசி பெருசா?” சேஷகிரிக்குக் குரல் தழுதழுத்தது.

முத்தம்மா கையெழுத்துப் போட்டாள். அதே நேரம் அவள் புருஷன் பச்சைமுத்து மத்தியானக் கேரியர்களோடு உள்ளே வந்தான். கத்தரிக்காய்க் குழம்பு மணத்தது. அலுவலகமே எழுந்து நின்றது.

“விறகடுப்புன்னா விறகடுப்புதான்!” என்றார் சேஷகிரி. “ஆனா நேத்து கொஞ்சம் மணம் கம்மி, பச்சைமுத்து. உன் வீட்டம்மாகிட்டச் சொல்லு.”

“நீங்களே சொல்லுங்க சார். இதோ உங்க எதிர்லதான உக்காந்திருக்கா.”

சேஷகிரி விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்தின் மேல் பதமாக ஒரு கோடு இழுத்தார்.

“பழக்கத்தைத் திடீர்னு விடறது ஒடம்புக்கு ஆகாதும்மா. படிப்படியாத்தான் விடணும். காலைல, ராத்திரி கேஸ் வெச்சுக்கோ. மத்தியானம் மட்டும் விறகுலயே ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணு. மருந்து அப்புறம் பாக்கலாம்.”

முத்தம்மா வெறுங்கையோடு எழுந்தாள். வரிசையில் அடுத்து நின்ற டோரதி, அதே நோய்க்கு அதே மருந்து கேட்டு வந்தவள், குழம்பு மணத்தை ஒரு இழுப்பு இழுத்து, இருமலை அடக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

“அக்கா, நாளையிலிருந்து எனக்கும் ஒரு கேரியர் கிடைக்குமா? விறகடுப்புதானே?”