கோகிலாவுக்கு வெயில் காட்டிய கதை

என் பெண்டாட்டி மலையை விட்டு இறங்கக் கூடாது. நான் எடுத்த முடிவு இது. எடுத்த முடிவை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் முடிவு அவளுடையதாகிவிடும்.

மகள் யமுனா பன்னிரண்டாவது பாஸ் செய்துவிட்டாள். திருச்சியில் காலேஜ் படிக்கணுமாம். படிக்கட்டும். ஹாஸ்டலில் இருக்கட்டும். அதோடு விட்டாளா கோகிலா?

"வயசுப் புள்ளைய ஹாஸ்டல்ல போட்டுட்டு எனக்குத் தொண்டையில சோறு எறங்காதுங்க. திருச்சியில ஒரு ஊடு பாருங்க. நானும் அவளும் இருந்துக்கறோம்."

"அப்ப நானு?"

"நீங்க யாவாரத்தைப் பாருங்க. லீவுக்கு வாரோம்."

கேட்டீர்களா? கட்டின பெண்டாட்டி லீவுக்கு வருவாளாம், டூரிஸ்ட் மாதிரி.

நான் பள்ளிக்கூடத்தை அதிகம் பார்த்தவன் இல்லை. சோளக்காட்டுச் சந்தையில் மூட்டை தூக்கி, ஏமாந்து, உதைபட்டு, பிறகு ஏமாறாமல் நிற்கக் கற்றுக்கொண்டு சொந்தமாக மிளகுக் கடை போட்டவன். கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். பேரத்தில் என்னை மடக்க எங்கள் மலையில் எடப்புளி நாட்டிலும் ஆள் இல்லை, ஆலத்தூர் நாட்டிலும் ஆள் இல்லை. ஆனால் எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. கோகிலா இல்லாத வீட்டில் என்னை விட்டால் முதலில் பூனை வெளியேறும். பிறகு நான்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். பெண்டாட்டியிடம் பேசி ஜெயிக்க முடியாதவன் வெயிலைக் கூலிக்கு வைக்க வேண்டியதுதான்.

அவள் மலையில் பிறந்தவள். மே மாசத்திலும் போர்வையை இழுத்து மூடுகிறவள். கத்திரி வெயிலில் பாசஞ்சர் ரயிலில் ஏற்றி, திருச்சியில் ஒரே ஒரு நாள் காயப்போட்டால் போதும். 'ஆளை விடுங்க சாமி' என்று அவளே மலையேறிவிடுவாள். திருச்சியில் என் சிநேகிதன் மணிவண்ணன் இருக்கிறான். ஒரு காலத்தில் எங்கள் வாழைத்தாரை லாரியில் ஏற்றிப் போனவன். அவனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வாரேன். சாயங்காலமே திரும்பிருவோம்."

"வாங்கண்ணே, வாங்க! ராதிகா கேட்டா குதிப்பா."

"குதிக்கட்டும். நீ ஏசியப் போடாத."

"என்னண்ணே?"

"ரிப்பேருன்னு சொல்லிரு. ஃபேனை ஒண்ணுல வை. மத்தியானம் மலைக்கோட்டையக் காட்டறேன்னு எங்களை மொட்டை மாடிக்கு ஏத்து."

"வெந்து போயிருவீங்கண்ணே."

"அதுதாண்டா வேணும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கினோம். ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று கோகிலா ஒரு பலாப்பழத்தை எடுத்து வைத்திருந்தாள். எடுத்து வைத்தது அவள். தூக்கியது நான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது என் மடியில் ஒரு முறை புரண்டு படுத்தது. நாமக்கல் ஸ்டேஷனுக்கு வருவதற்குள் என் தொடையில் பலாத்தோல் அச்சு விழுந்துவிட்டது.

ரயிலில் வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அவள் பையிலிருந்து ஈரத்துண்டு ஒன்றை எடுத்து ஜன்னலில் கட்டினாள். மோர் பாட்டிலைத் திறந்தாள்.

"ஜிலுஜிலுன்னு காத்து வருதுங்க."

கரூர் தாண்டியதும் வண்டி திரும்பியது. வெயிலும் இடம் மாறி என் மடியில் வந்து உட்கார்ந்தது, பலாப்பழத்துக்குப் பக்கத்தில்.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு அம்மா வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஏறினார். எனக்கு வெள்ளரி வேண்டாம். ஆனால் விலையைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. "கூடையோட குடுத்தா பாதி விலைக்கு எடுத்துக்கறேன்" என்றேன். வைதுவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். அந்த அம்மா கூடையை இறக்கி வைத்து, "எடுத்துக்க சாமி" என்றது.

எடுத்துக்கொண்டேன். வேறு வழி? சோளக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாம் ஒரு விலை கேட்டு, எதிராளி 'சரி' என்றால் சரக்கு நம்முடையது. கேட்டுவிட்டு எடுக்காமல் போனவனுக்கு மறுவாரம் ஒருத்தனும் மூட்டையை அவிழ்த்துக் காட்ட மாட்டான்.

"வேண்டாம்னு சொல்லிற வேண்டியதுதானுங்களே?" என்றாள் கோகிலா.

"கேட்டது நான். அவங்க குடுத்துட்டாங்க."

"அது சோளக்காட்டு வழக்கமுங்க. இது ரயிலு."

"ஊருக்கு ஒரு வாக்கு வச்சிருக்கறதுக்கு நான் என்ன எலெக்ஷன்லயா நிக்கறேன்?" என்று கத்தினேன். எதிர் சீட்டில் தூங்கிய ஒருவர் விழித்து, வெள்ளரியைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினார்.

கோகிலா, மூட்டைக்குள் கையை விட்டு மிளகைத் தடவிப் பார்க்கிற வியாபாரி மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெயில். மூளை வேலை செய்யவில்லை.

மணிவண்ணன் வீட்டுக் கதவு திறந்தது. ஊட்டியே வெளியே வந்தது மாதிரி இருந்தது.

"புது ஏசிங்கண்ணி!" என்றாள் அவன் மனைவி ராதிகா. "நீங்க வர்றீங்கன்னு காலையிலிருந்தே போட்டு வச்சிருக்கேன்."

நான் மணிவண்ணனைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்னடா இது?"

"ரிமோட்டு அவ கையில இருக்குதுண்ணே."

"நீ ஆம்பளையா?"

"அண்ணே, நீங்க பலாப்பழத்தைத் தூக்கிட்டு வந்ததைப் பார்த்தேன். நான் எதாச்சும் கேட்டனா?"

மொட்டை மாடிக்கு நான் மட்டும் போனேன். எவ்வளவு கூப்பிட்டும் வேறு யாரும் ஏறவே இல்லை. திரும்பி வந்தபோது என் தலையில் தோசை வார்த்திருக்கலாம். ஆனால் கீழே ஒரு நல்ல செய்தி காத்திருந்தது.

"திருச்சி நமக்கு ஆகாதுங்க" என்றாள் கோகிலா. "இதெல்லாம் ஊரா? என்ன வெக்கை! நமக்கு மலைதான் லாயக்கு. யமுனா ஹாஸ்டல்லயே இருக்கட்டும்."

யமுனா முகத்தைத் தொங்கப்போட்டாள். என் வயிற்றில் மோர் வார்த்த மாதிரி இருந்தது. ஏசியில் உட்கார்ந்துகொண்டு என்ன வெக்கை என்று கேட்டிருக்கலாம். ஜெயித்தவன் கேள்வி கேட்பானா? கறிச்சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போது ராதிகா சொன்னாள்: "பக்கத்து ஊடு காலியாத்தான் கிடக்குதுங்கண்ணி. ஆனா வேண்டாம். அர்த்தனாரி ஐயா வாடகையில ஒரு ரூபா குறைக்க மாட்டாரு. பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் பேசித் தோத்துப் போயிட்டாங்க."

"நமக்கெதுக்கு ராதிகா?" என்றாள் கோகிலா. "அதுவுமில்லாம இவரு பேச்செல்லாம் மலையிலதான் செல்லும். டவுன்ல எடுபடாது."

"என்னது?"

"இல்லீங்க, சும்மா சொன்னேன். படுத்து ஒரு கண் அசருங்க."

"செருப்பு எங்க?" என்றேன்.

அர்த்தனாரி பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா பாப்பாயி எல்லோருக்கும் மோர் கொடுத்தார். வாடகையைச் சொன்னார்கள். நான் சிரித்தேன். பேரத்தில் முதல் வேலை சிரிப்பது.

"ஏனுங்க, சமையல்கட்டு மேக்க பார்த்திருக்குது. சாயங்காலமானா அடுப்பே வேண்டாம், அப்படியே வெந்துரும்."

"கேஸு மிச்சமுங்க" என்றார் அர்த்தனாரி.

"குழாய் சொட்டுது."

"தண்ணி வருதுன்னு அர்த்தம். இந்த வீதியில பாதி ஊட்டுல அதுவும் இல்ல."

"ஜன்னலைத் தொறந்தா பக்கத்து ஊட்டுச் சுவரு."

"சுவத்துக்குத் தனியா வாடகை வாங்கறதில்லீங்க."

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. எனக்குச் சூடு ஏறிவிட்டது. விரிசலைக் காட்டினேன். கொசுவைக் காட்டினேன். செத்த பல்லி ஒன்றைக் கண்டுபிடித்து வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார், கொஞ்சம் இறங்கினார். மறுபடி பெருமூச்சு, மறுபடி கொஞ்சம். தோல் உரிந்து வருகிற மாதிரி கஷ்டப்பட்டு இறங்கினார். கோகிலா வாசலில் நின்று, "வாங்க போலாம், அவரு குறைக்க மாட்டாரு" என்று நடுநடுவே நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என் வாடகையைச் சொன்னேன். நியாயமே இல்லாத வாடகை. சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பை மாட்டினேன். எழுந்து போகிற மாதிரி காட்டுவது கடைசி அஸ்திரம். மிளகுக்காரன் எவனும் அதைத் தாங்கியதில்லை.

"நில்லுங்க" என்றார் அர்த்தனாரி. விசிறியைக் கீழே வைத்தார். "நீங்க கேட்ட வாடகைக்கே எடுத்துக்குங்க."

ஜெயித்துவிட்டேன்! திரும்பி கோகிலாவைப் பார்த்தேன். 'டவுன்ல எடுபடாதா? இப்பப் பாரு' என்று வாய் வரைக்கும் வந்தது. அப்புறம்தான் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில். தரை சுட்டது.

"இல்லீங்க... நான் சும்மா... பேசிப் பாக்கலாம்னு..."

கோகிலா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். அர்த்தனாரியிடம் பெருமையாகச் சொன்னாள்:

"எங்கூட்டுக்காரரு ஒரு விலை கேட்டு, அவிங்க சரின்னு சொல்லிட்டா, எடுக்காம வந்ததே கிடையாதுங்கய்யா. ரயில்லகூட பாருங்க, ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சு."

"அப்பா!" என்று யமுனா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மகள் என் கழுத்தைக் கட்டி எத்தனையோ வருஷமாயிற்று. அந்தக் கையை எடுத்துக் கீழே வைக்க எந்தத் தகப்பனால் முடியும்? "நல்ல ஊடு கண்ணு" என்றேன். என் குரல் கூடை இறக்கிய அந்த அம்மாவின் குரல் மாதிரி இருந்தது.

திரும்பும் ரயிலில் இடம் கிடைத்தது. எனக்குத்தான் உடம்பில் தெம்பு மிச்சமில்லை. யமுனா தூங்கிவிட்டாள். ஜன்னல் வழியாக வந்த காற்றும் அனலாக இருந்தது.

"சோத்துக்கு என்ன பண்ணுவேன்?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், வரவில்லை.

"குக்கர் வைக்கச் சொல்லித் தாரேன். கஷ்டமில்லீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து மாவு ஆட்டி வச்சுட்டுப் போறேன்."

"ராத்திரியில வீடு வெறிச்சுன்னு இருக்குமே."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்கும்தானுங்க" என்றாள். அதில் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

சரி, போகட்டும். குடும்பத்தில் தோற்றாலும் தொழிலில் தோற்கவில்லை. பெரிய பெரிய ஆளெல்லாம் அசைக்க முடியாத மனுஷனைச் செத்த பல்லியை வைத்து வழிக்குக் கொண்டுவந்தவன் நான். அந்த ஒரு நினைப்பில்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கோகிலாவுக்குப் போன் வந்தது.

"ஆமாங்க பாப்பாயிக்கா, வண்டி ஏறிட்டோம். ஐயா நல்லா நடிச்சாருங்க, எனக்கே பாவமாப் போச்சு. இல்லீங்க்கா, அவரு பேசுன வாடகைய விட்ருங்க. பங்குனியில நான் போன்ல பேசி முடிச்சதே இருக்கட்டும்."

போனை வைத்தாள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்புள்ள, நான் பேசுனதுக்கு என்ன?"

"கட்டுபடியாகாதுங்க" என்றாள். "நான் பேசுனது அதைவிடக் கம்மி."