எட்டிழை அண்ணையும் என் கத்தரிக்கோலும்

உலகத்தில் மீனுக்காக மீன்பிடிக்கப் போகிறவர்கள் கோடிப் பேர். நூலுக்காகப் போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒக்லாந்துத் தமிழர் எல்லோருக்கும் அவர் எட்டிழை அண்ணை. அவருடைய மனைவிகூடத் தொலைபேசியை எடுத்தால் "எட்டிழை வீடு" என்பார்.

எட்டு மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பின்னிய தூண்டில் நூல்தான் அண்ணையின் மதம். நானோ பழைய தங்கூசிக்காரன். ஒற்றை நைலோன் இழையை விட்டால் வேறு நூல் தொட்டதில்லை. ஊரில் கணிதம் படிப்பித்தவன் என்பதால் அவர் என்னை மாஸ்டர் என்பார். அவர் இங்கே இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலைகளில் ஏவன்டேலில் அவரை ஏற்றிக்கொண்டு கோர்ன்வாலிஸ் இறங்குதுறைக்குக் கார் ஓட்டுவேன். போகும் வழி முழுவதும் சண்டை.

"மாஸ்டர், தங்கூசி இழுபடும். மீன் அங்கை கடிச்ச செய்தி உங்களுக்குத் தபாலிலை வரும். பின்னல் அப்பிடியில்லை. மீன் இரையை மணந்து பாக்கிறதே விரலுக்குத் தெரியும்."

"விரலுக்குத் தெரியாமல் என்ன செய்யும்? அதைத்தானே கிழமைக்கொருக்கா அறுக்குது."

அது உண்மை. பின்னல் நூல் மயிர் போல மெல்லியது, இறுகினால் கத்தி. அண்ணையின் வலது சுட்டுவிரலைப் பிளாஸ்டர் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

"இழுபடாத நூல் விட்டுக்குடாது அண்ணை. பெரிய மீன் ஒரு உதறு உதறினால் வாய் கிழிஞ்சு முள்ளு கழண்டு வந்திடும். தங்கூசி கொஞ்சம் விட்டுக்குடுக்கும். அதுக்கு மனிசத்தன்மை இருக்கு."

"அதுக்குத்தான் ரீலிலை பிரேக் வைச்சிருக்கிறான். பஸ் ஓட்டினவனுக்குப் பிரேக் படிப்பிக்காதேங்கோ."

மீன்பிடிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுத் துணிக்கொடியும் பின்னல் நூல்தான். ஒக்லாந்துக் காற்றில் ஒருநாள் அவருடைய கோயிலுக்குப் போகிற சட்டை கொடியில் கிடந்தபடியே இரண்டாகி, அரைவாசி அடுத்த வீட்டு வேலியில் கிடந்தது.

பிளாட் புஷ் பகுதியில் ஒரு கலியாணம். மணவறைக்கு முன்னால் பூச்சரங்கள் அந்தரத்தில் மிதக்க வேண்டும் என்று பெண் வீட்டார் ஆசைப்பட்டார்கள். அண்ணை முன்வந்தார். சரங்கள் மிதந்தன. நூல் யாருடைய கண்ணுக்கும் தெரியவில்லை, மாப்பிள்ளையின் கண்ணுக்கும்தான். அவர் நடந்து மணவறைக்குப் போய்விட்டார். தலைப்பாகை இரண்டடி பின்னால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்ணின் தகப்பன் பல்லைக் கடித்தபடி வர, அண்ணை அமைதியாகக் கேட்டார்: "நூல் அறுந்ததோ? முதல் அதைப் பாருங்கோ."

இன்னொரு முறை, பின்னலின் பலத்தை எனக்கு நிரூபிக்க, தண்ணீர் நிரம்பிய பெரிய வாளியை மாடியிலிருந்து தொங்கவிட்டார். வாளி என் காரின் முன்பக்கத்தில் இறங்கியது.

"நூல் அறேல்லை மாஸ்டர். முடிச்சு வழுக்கினது. இதிலை சாதாரண முடிச்சு நிக்காது. அது என்ர பிழை, நூலின்ர பிழையில்லை."

அவரிடம் ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. துறையில் யாருடைய நூல் அறுந்தாலும் நுனியைக் கேட்டு வாங்கி, சின்ன அட்டையில் ஒட்டி, காரணம் எழுதி அதில் போடுவார். பிரேதப் பரிசோதனை என்று நான் கேலி செய்வேன். தூணில் ஒட்டிய சிப்பியில் உரசி அறுந்தால், தேய்ந்த பல்துலக்கி போல நுனி பிசிறியிருக்கும். முடிச்சில் போனால் சுருண்டிருக்கும். பின்னலுக்குச் சிப்பி எமன் என்பதை அவரே ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளும் ஒரே குறை அதுதான்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கிங்ஃபிஷ் என்கிற அந்தப் பெரிய மீனை, பின்னல் நூலில், என் கண் முன்னால் தூக்க வேண்டும். பதினொரு வருடம் அதற்காகக் காத்திருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கோடைச் சனிக்கிழமை அது வந்தது. அண்ணையின் தூண்டில் தடி வில்லாக வளைந்தது. அரை மணி நேரமாக இழுத்தார். பக்கத்தில் நின்ற சென்னைப் பையன் கார்த்திக், "அங்கிள், விட்றாதீங்க, நான் போய் வலை எடுத்துட்டு வரேன்" என்று கார்ப் பக்கம் ஓடினான். அவன் திரும்புமுன் மீன் குறுக்கே பாய்ந்தது. அவருடைய நூலும் என்னுடைய நூலும் துறையின் கைப்பிடிக் கம்பிக்குச் சற்றுக் கீழே சிக்கிக்கொண்டன. அண்ணை மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாஸ்டர், உங்கட நூலை வெட்டி விடுங்கோ. கெதியா."

கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. குனிந்தேன். தண்ணீரில் மீனின் மஞ்சள் வால் தெரிந்தது. இந்த மீன் மேலே வந்தால், இனி நான் சாகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய நூலை வெட்டினேன். கை தவறவில்லை. கண்ணாடி போட்டிருந்தேன். இதை இங்கே எழுதுவதற்கு எனக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது.

தடி நிமிர்ந்தது. "தூணிலை சிப்பி அண்ணை. உரசிப் போச்சு. நான் அப்பவே சொன்னனான்" என்றேன்.

அவர் நூலைச் சுற்றி எடுத்தார். நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு சாண் நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஓம்" என்று தலையாட்டினார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய ரீலில் தங்கூசி இருந்தது.

வாதத்தில் வென்றவன் சும்மா இருப்பேனா? பொங்கல் விருந்தில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, நூல்களின் இழுபடு தன்மை பற்றி அரை மணி நேரம் விரிவுரை நிகழ்த்தினேன். அண்ணை கேட்டுத் தலையாட்டினார். அதன் பிறகு அவர் நூலைப் பற்றிப் பேசவே இல்லை. காரில் வானொலி போட்டுக்கொண்டு போனோம். ஒரு பைத்தியத்தைக் குணப்படுத்திவிட்டேன். குணமானவரோடு ஒரு மணி நேரம் இருக்க முடியவில்லை.

போன மாதம் அவரை ஏற்றப் போனபோது அவருடைய மனைவி வாசலில் நின்றார்.

"இப்ப கொடிக்குக் கயிறு கட்டியிருக்கிறார், தம்பி. சட்டையெல்லாம் முழுசாக் கிடக்கு. மனுசன்தான் முழுசா இல்லை."

மறுநாளே எட்டிழைப் பின்னல் நூல் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அண்டைக்கு நான்தான் வெட்டினனான்."

அவர் எழுந்து கராஜுக்குப் போனார். ஐஸ்கிரீம் பெட்டியோடு வந்தார். அட்டைகளைத் தள்ளி ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். நூலின் நுனி பிசிறே இல்லாமல் நேராக இருந்தது. மற்ற அட்டைகளில் சிப்பி, முடிச்சு, பழைய நூல் என்று காரணங்கள். இதில், காரணம்: மாஸ்டர்.

"கைப்பிடிக் கம்பிக்குக் கிட்ட அறுந்த நூல். அந்தச் சிப்பி தண்ணியிலை இருந்து ஏறி வந்து கடிச்சதெண்டோ நினைச்சனீங்கள்?"

"தெரிஞ்சுகொண்டே ஏன் தங்கூசிக்கு மாறினீங்கள்?"

"பின்னலும் தங்கூசியும் பக்கத்திலை பக்கத்திலை நிண்டால் ஒரு நாளைக்குச் சிக்கும். சிக்கினால் நீங்கள் வெட்டுவியள். துறையின்ர மற்றப் பக்கம் போய் நிண்டிருக்கலாம். அங்கை ஆரோட கதைக்கிறது, மாஸ்டர்?"

புதுச் சுருளை அவர் பக்கம் தள்ளி, "இனிச் சிக்கினால் நான் இருந்து அவிழ்க்கிறன்" என்றேன்.

அவர் ரீலை எடுத்து வந்தார். இருந்த தங்கூசியை முழுவதும் கழற்றவில்லை. அடியில் கொஞ்சம் விட்டு, அதன் மேல் பின்னலைக் கட்டிச் சுற்றினார். நேரே சுற்றினால் பின்னல் ரீலில் வழுக்கிச் சுழலுமாம். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அடியிலை உங்கட ஆள் கிடக்கட்டும். இல்லாட்டி இது நிக்காது."

அடுத்து வந்த சனிக்கிழமை மூன்றாவது வீச்சிலேயே இரண்டு நூலும் சிக்கிக்கொண்டன. இரண்டு பேருடைய பையிலும் கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுக்காமல், பலகையில் குந்தியிருந்து ஒன்றரை மணி நேரம் அவிழ்த்தேன். அவ்வளவு நேரமும் அண்ணை பின்னல் நூலின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் சிக்கியிருக்கலாம் என்று தோன்றியது.