ரெண்டு புத்தகமும் ஒரு மைக்கும்

என் கையில் மைக் கொடுக்கக் கூடாது. இது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் அது தெரிவதற்கு ஒரு தேர்தலில் ஜெயிக்க வேண்டியிருந்தது.

பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலையில் பஸ் ஏறி, மலை வளைவுகளில் குலுங்கி, இறங்கிய பிறகும் தேயிலைக்குள் மூச்சு வாங்க நடந்தால் எங்கள் தோட்டம் வரும். அங்கே நான் முன்பள்ளி டீச்சர். சத்தமாகப் பேசுவேன். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பேன். பேச்சு தப்பான பக்கம் போகிறது என்று தெரிந்தாலும் நடுவில் நிறுத்த மாட்டேன். இந்தத் தகுதிகளைப் பார்த்துத்தான் பிரதேச சபைத் தேர்தலில் என்னை நிறுத்தினார்கள் என்று இன்றும் நம்புகிறேன். (பெண் வேட்பாளர் கட்டாயம் வேண்டும் என்று சட்டம் வந்ததால்தான் நிறுத்தினார்கள் என்று என் கணவர் ஜோசப் சொல்வார். அவர் சொல்வதை விடுங்கள்.)

வீடு வீடாக வாக்குக் கேட்டுப் போனபோது எல்லா வாசலிலும் ஒரே சந்தேகம். முன்பிருந்த மெம்பர் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறும் பாதைக்குக் கொங்கிரீட் போடுவதாகச் சொல்லி ஜெயித்தவர். ஜெயித்த பிறகு அந்தப் பாதையில் அவர் கால் வைத்ததே இல்லை. மழை பெய்தால் கொழுந்துக் கூடையோடு பெண்கள் சறுக்கி விழுவது அப்படியே தொடர்ந்தது. அப்படி விழுந்து கை முறிந்தவர் பார்வதி அக்கா. என்னை நிற்க வைத்துக் கேட்டவரும் அவர்தான்.

"டீச்சர், நீங்க மட்டும் சொன்னத செய்வீங்கன்னு நாங்க எப்புடி நம்புறது?"

"நான் ஜெயிச்சா, உங்க எல்லாருக்கும் முன்னால சாமி புத்தகத்து மேல கைய வச்சு சத்தியம் பண்ணித்தான் பதவி எடுப்பேன்" என்றேன்.

சொல்லும்போதே கேட்க நன்றாக இருந்தது. அதனால் அடுத்த வீட்டிலும் சொன்னேன். அடுத்த லயத்திலும் சொன்னேன். கடைசிக் கூட்டத்தில் அதைச் சொன்னபோது கை தட்டினார்கள். ஜெயித்தும் விட்டேன்.

பிறகுதான் ஜோசப் மெதுவாகக் கேட்டார். "எந்தச் சாமி புத்தகம்?"

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சைவம். ஜோசப் கத்தோலிக்கம். எங்கள் கல்யாணத்தைக் கோயிலில் செய்வதா, மாதா கோயிலில் செய்வதா என்று என் அப்பாவுக்கும் ஜோசப்பின் அம்மாவுக்கும் பெரிய சண்டை வந்து, கடைசியில் பதுளையில் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அன்றிலிருந்து அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. இருவர் வீடும் எதிரெதிர் லயத்தில். ஒருவர் கதவு திறந்தால் மற்றவர் கதவு சாத்தும். எதுவும் சொல்ல வேண்டுமென்றால் என் வழியாகத்தான் போகும். "ஒங்க அத்தைகிட்ட சொல்லு, அவங்க கோழி நம்ம பாத்திய கெளறுது" என்று அப்பா சொல்வார். "ஒங்க அப்பாகிட்ட சொல்லு, பாத்திய ஒழுங்கா அடைக்கச் சொல்லி" என்று அத்தை சொல்வார். இருவரும் நான்கு எட்டுத் தூரத்தில்தான் நிற்பார்கள்.

சத்தியப்பிரமாணச் செய்தி பரவிய அன்றே அத்தை தன் கறுப்பு அட்டை வேதப் புத்தகத்தைச் சேலை முந்தானையால் துடைத்து என் கையில் தந்தார். "இந்த வீட்டு மருமக நீ. அத மறந்துறாத." அன்று மாலையே அப்பா தன் சாமிப் பாட்டுப் புத்தகத்தோடு வந்தார். அட்டை கிழிந்து, அவரே சாக்குத் துணி வைத்துத் தைத்த புத்தகம். "பொறந்த வீடுன்னு ஒன்னு இருக்குல்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றை எடுத்தால் ஒருவரை இழப்பேன். மற்றவர்கள் இந்த இடத்தில் யோசிப்பார்கள். நான் உடனே முடிவெடுத்தேன்: ரெண்டும்.

பதவியேற்புக்குப் பதுளையிலிருந்து நடராசா மாஸ்டரை அழைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். சமாதான நீதவான். உறுப்பினர்கள் அவர் முன்னால் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்து வைக்கலாம். இடம் என் முன்பள்ளி. மாஸ்டர் உட்பட எல்லோரும் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாதவர்களுக்காக அம்மன் கோயில் ஸ்பீக்கரை வாங்கி வந்து வாசல் சவுக்கு மரத்தில் கட்டியிருந்தோம். அதை ஏற்பாடு செய்ததும் நான்தான். நான் பேசுவது தோட்டத்தின் மேல் பிரிவு வரைக்கும் கேட்க வேண்டும் என்று ஆசை.

மேசையில் புத்தகங்களைப் பார்த்ததும் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, உதொண்டும் தேவையில்லை. சட்டத்திலை சத்தியம் பண்ணவும் இடமிருக்கு, சும்மா உறுதி சொல்லவும் இடமிருக்கு. புத்தகம் கட்டாயமில்லை. நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லிப் போட்டுக் கையெழுத்து வையுங்கோ, காணும்." (காணும் என்றால் யாழ்ப்பாணப் பேச்சில் போதும்.)

"இல்லங்க சார். நான் வாக்குக் குடுத்துட்டேன்."

புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். முன் வரிசையில் அத்தை எழுந்து நின்றார். அடியில் இருந்த தன் புத்தகத்தைப் பார்த்தார். நான் மாற்றி அடுக்கினேன். அப்பா இருமினார். திரும்ப மாற்றினேன். அத்தை நாற்காலியை நகர்த்தினார். மாஸ்டர் பெருமூச்சு விட்டு, "பக்கத்திலை பக்கத்திலை வையுங்கோ" என்றார். அப்படியே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கையை வைத்துக்கொண்டேன். கை காலி இல்லாததால் மைக்கை ஜோசப் என் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

மாஸ்டர் சொல்லச் சொல்ல, கடமையை நேர்மையாகச் செய்வேன், யாருக்கும் அஞ்சாமல், பாரபட்சம் இல்லாமல் என்று கணீரென்று சொல்லி முடித்தேன். சவுக்கு மரத்திலிருந்து என் குரல் மலை இடுக்குகளில் மோதித் திரும்பி வந்தது. எனக்கே சிலிர்த்தது.

அந்த நேரத்தில்தான் பார்வதி அக்கா எழுந்தார்.

"டீச்சர், கைய எடுக்காதீங்க. அந்தப் பாதையையும் அப்புடியே சேத்துச் சொல்லிருங்க."

நியாயம்தானே. "லயத்துப் பாதைக்குக் கொங்கிரீட் போட்டுக் குடுப்பேன் என்றும்..." என்று மாஸ்டரின் அதே இழுவையில் சொன்னேன். கை தட்டினார்கள்.

"தண்ணி புடிக்கிற பீலிக்கரையில லைட்டு இல்லங்க" என்றது ஒரு குரல். பீலிக்கரைக்கு வெளிச்சம் போட்டேன். "டவுன் பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ், பொம்பளைங்க உள்ள போக முடியல" என்றது இன்னொன்று. அதையும் தினமும் கழுவ வைப்பதாக இரண்டு மதங்களின் மேலும் ஆணையிட்டேன். மாஸ்டர் என் பக்கம் குனிந்து, "பிள்ளை, காணும், கையை எடுங்கோ" என்றார். மைக்கில் அதுவும் கேட்டது. ஆனால் ஜனங்கள் எழுந்து நின்று கேட்கும்போது நிறுத்துகிற வழக்கம் எனக்கில்லை.

அப்போது அத்தை எழுந்தார்.

"ஞாயித்துக்கிழம பூசைக்கு என்கூட வருவேன்னு சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தனக்காக என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, பிடிவாதமும் இல்லை. கேட்டுவிட்டோமே என்று கொஞ்சம் பயந்த முகம். முடியாது என்று எப்படிச் சொல்வது? "ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்குப் போவேன் என்றும்" சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கெழம?" என்றார் அப்பா, உட்கார்ந்தபடியே.

"வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலுக்குப் போவேன் என்றும்."

"ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறவ, சனிக்கிழம மீட்டிங்குன்னு ஊர் சுத்தக் கூடாது" என்றார் அத்தை.

"வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போறவ வீட்டுல கவிச்சி சமைக்கக் கூடாது" என்றார் அப்பா.

சனிக்கிழமையையும் கொடுத்தேன், கவிச்சியையும் விட்டேன். அடுத்து யார் வாயைத் திறந்திருப்பார்களோ, ஜோசப் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். (இதை அவரிடம் நான் சொன்னதில்லை.)

மாஸ்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சட்டப்படி இவ முதல் சொன்னது மட்டும்தான் செல்லும். மற்றதெல்லாம் இவவின்ரை சொந்த விஷயம்."

"சட்டத்துக்கு எது செல்லுமோ தெரியாது சார்" என்றார் பார்வதி அக்கா. "எங்களுக்கு எல்லாம் செல்லும்."

அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. நேர்மையாக இருப்பேன் என்று சொன்னதை யாரும் நாளைக்கே வந்து கேட்கப் போவதில்லை. கக்கூஸைக் கேட்பார்கள். கேட்டார்கள். டவுனுக்குப் போய்வந்த பெண்கள் நேராக என் வாசலுக்கு வந்து அதன் நிலவரத்தைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். சபைக் கூட்டத்தில் நான் எழுந்தாலே தலைவர், "உங்க கக்கூஸ்தானே, தெரியும், உக்காருங்க" என்பார். உட்காராமல் நின்றதால் கழுவ ஆள் போட்டார்கள். பீலிக்கரை லைட் சீக்கிரமே வந்தது. பாதைதான் என்னைக் கொன்றது. பாதி தூரம் போட்டதும் சபையில் காசில்லை என்றார்கள். என் பதவிக்காலம் முடிகிற வருஷம், கெஞ்சி, சண்டை போட்டு, தலைவரின் அறைக்கு வெளியே பார்வதி அக்காவோடு உட்கார்ந்திருந்து மீதியைப் போட வைத்தேன்.

முதல் ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்தபோது நான் உட்கார்ந்தேன், எல்லோரும் முழங்காலிட்டபோது எழுந்து நின்றேன். நெற்றியில் வெள்ளிக்கிழமைத் திருநீற்றின் பழக்கத்தில் அன்றும் ஒரு கீற்று. அத்தை என் முழங்கையைப் பிடித்து, எழ வேண்டிய இடத்தில் தூக்கி, உட்கார வேண்டிய இடத்தில் இழுத்தார். வெளியே வந்தால், மாதா கோயில் கேட்டருகே அப்பா நின்றுகொண்டிருந்தார். வாக்குக் காப்பாற்றுகிறேனா என்று பார்க்க வந்தாராம். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் அத்தை, அதே வேலையாக.

"வந்துட்டாளா?" என்று கேட்டார் அத்தை, அப்பாவை நேராகப் பார்த்து.

"உள்ளதான் நிக்குறா. லேட்டாத்தான் வந்தா" என்றார் அப்பா.

அப்படித்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். எந்தச் சாமியும் செய்யாத சமாதானத்தை என்னைக் கண்காணிக்கிற வேலை செய்துவிட்டது.

பதவியில் இருப்பவர்கள் புனித நூலில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமா என்று போன மாதம்கூடப் பதுளையில் ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். மாஸ்டர் சொன்னதுதான் சரி, சட்டத்துக்கு ஒருவருடைய வாய்ச்சொல் போதும். நம்பிக்கை உள்ளவர் வைத்துக்கொள்ளட்டும், இல்லாதவரை வற்புறுத்தக் கூடாது. பாதையைப் போட வைத்தது புத்தகமா என்று கேட்டால், இல்லை. புத்தகங்கள் அன்று மாலையே அவரவர் அலமாரிக்குப் போய்விட்டன. பார்வதி அக்கா போகவில்லை. என்ன செய்வேன் என்பதை, அதைக் கேட்டு வாங்கக்கூடியவர்கள் முன்னால், எல்லோருக்கும் விளங்குகிற தமிழில் சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒரு சத்தியம் எனக்குத் தெரியாது.

இப்போது நான் மெம்பர் இல்லை. ஆனாலும் வெள்ளியும் ஞாயிறும் போகிறேன். (அந்தச் சத்தியத்துக்குப் பதவிக்காலம் இல்லையாம். அப்பாவும் அத்தையும் சேர்ந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.) வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இருவரும் அந்த நாளை நடித்துக் காட்டுவார்கள். அப்பா மாஸ்டர், அத்தை நான். அத்தை கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, "என்றும்... என்றும்..." என்று இழுக்கும்போது ஜோசப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவார். நடிப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும். என் வலது கை எந்தப் புத்தகத்தின் மேல் இருந்தது என்று சண்டை வரும். என்னுடையது என்பார் அப்பா. என்னுடையது என்பார் அத்தை. பிறகு இருவரும் என் பக்கம் திரும்புவார்கள்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் சொன்னால், சத்தியமா என்று கேட்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்ற அடுப்படிக்குப் போய்விடுவேன்.