இட்லி மாவில் சோடா எடுத்தது விஷயமாக

அபிராமபுரம்,
சென்னை.

சிரஞ்சீவி அம்பிக்கு அத்திம்பேர் ரகுபதி அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அக்காவும் பகவான் புண்ணியத்தில் க்ஷேமம். சமையலறைக் கூரையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கு நீ, உன் ஆத்துக்காரி, குழந்தைகள், உன் சர்க்கரை எல்லாரும் கட்டுக்குள் இருப்பதற்கு எழுதவும்.

போன் இருக்க எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "அத்திம்பேர், மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அக்காவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள் என்று எழுதியதற்கும் கட்டைவிரல், கேஸ் தீர்ந்துவிட்டது என்று எழுதியதற்கும் அதே கட்டைவிரல். ஆகவே இதை உட்கார்ந்து முழுக்கப் படி. நாக்பூரில் நீ ஒன்றும் மலையைப் புரட்டிக்கொண்டிருக்கவில்லை.

உன் அக்கா விசாலத்துக்கு இருதயத்தில் வால்வு மாற்றி, நடு நெஞ்சில் தையல் போட்டு, இருமினால் தும்மினால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு குட்டித் தலையணையும் கொடுத்து அனுப்பினார்களே, வீட்டுக்கு வந்த அன்றே நான் கட்டிலுக்கு எதிரே பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் மூச்சு விடுகிறாளா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா, கண்ணை மூடினால் அது தூக்கமா வேறேதாவதா என்று இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டேன். என் கடமையில் நீ ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் சாப்பிடவில்லை, அம்பி. ரசம் சாதம் கசக்கிறது, கஞ்சி கசக்கிறது, காப்பிகூட கசக்கிறது என்றாள். "உனக்கு என்னதான் வேணும், சொல்லேன்" என்று நான் கேட்டுக் கேட்டு, ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஜில்லுனு சோடாத் தண்ணி கிடைச்சா நன்னாருக்கும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு புடவை வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதில்லை அவள். கேட்டது இது ஒன்று. இதைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் நான் இருந்தென்ன?

கடை சோடா பாட்டிலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அதில் ஏதோ உப்புச் சேர்த்திருக்கிறான். டாக்டர் உப்பைத் தொடவே கூடாது என்றிருக்கிறார், காற்று மட்டும் போட்ட தண்ணீர் என்றால் பரவாயில்லையாம். அப்படிக் காற்று மட்டும் போட்ட வெளிநாட்டுத் தண்ணீர் ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு பெரிய கடையில் கிடைக்கிறது. விலையைப் பார்த்ததும் நானே அந்தக் குட்டித் தலையணையைத் தேடினேன். தண்ணீரும் ஓசி, காற்றும் ஓசி, இரண்டையும் சேர்க்க இவ்வளவு காசா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் இருப்பதை வைத்தே செய்து காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். முதலில் சமையல் சோடாவும் எலுமிச்சம்பழமும். டம்ளரில் பொங்கியது உண்மை. அதைத் தூக்கிக்கொண்டு ஹாலைத் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. "வழியிலேயே பிராணன் போயிடுத்துன்னா" என்றாள் விசாலம். சமையல் சோடாவும் உப்புதான் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் ஒரு பாட்டுப் பாடினாள், அதோடு அந்த வழியும் அடைத்துக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு இட்லி மாவு ஞாபகம் வந்தது. சிரிக்காதே. ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதைத் தூக்குவது எது? சோடாவில் இருக்கிற அதே காற்றுதான். மயிலாப்பூர் முழுக்க வீட்டுக்கு வீடு இந்தக் காற்று தினமும் வீணாய்ப் போகிறது, ஒருத்தரும் கேட்பாரில்லை. லஸ் பக்கம் ஒரு மீன்தொட்டிக் கடையில் காற்று விடுகிற மெல்லிய ரப்பர் குழாய் வாங்கினேன். "இன்னா மீனு சார் வளக்கிற?" என்றான் கடைக்காரன். "இட்லி மாவு" என்றேன். பாக்கியைக் கொடுத்துவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டான். எவர்சில்வர் சம்புடத்தில் மாவை ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகி, விளிம்பைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து பூசி, குழாயின் மறுமுனையை ஐஸ் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். சத்தியமாகக் குமிழி வந்தது, அம்பி! நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குமிழியாகப் பார்த்தேன். விசாலம் ஒரு வாய் குடித்துவிட்டு, "லேசாப் புளிச்ச வாசனை வரதுதான். ஆனா நாக்குல சுருக்குன்னது. இன்னும் கொஞ்சம் அழுத்தம் இருந்தா சரியா வந்துடும்" என்றாள். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள். அழுத்தம் என்று சொன்னது அவள்.

ஆகவே மறுதடவை சம்புடத்தின் கழுத்துவரை மாவை ரொப்பி, மூடிமேல் அம்மிக் குழவியை வைத்து, கொடிக்கயிற்றால் இறுகக் கட்டி, வெயில் விழுகிற ஜன்னலோரம் வைத்துவிட்டு மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மாவு பொங்கிக் குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொள்ளும் என்று யார் கண்டது? டமார் என்று ஒரு சத்தம். ஓடிப் போனால் குழவி பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் கிடக்கிறது, சம்புடம் வாயைப் பிளந்து நிற்கிறது, கூரையிலிருந்து மாவு என் வழுக்கையில் சொட்டுகிறது. மாடி வீட்டு அனுப்ரியா "அங்கிள், சிலிண்டரா?" என்று கத்திக்கொண்டே படியிறங்கி ஓடி வருகிறாள். வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிற வேலு, கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நெருப்பும் கரியுமாக அதைத் தூக்கிக்கொண்டே உள்ளே வந்துவிட்டான். "இன்னா சார், மாவு அரைச்சியா, குண்டு கட்டுனியா? மேல பாரு, ஊத்தப்பம் தொங்கிகினு கீது!" என்கிறான்.

எனக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. இந்தச் சத்தத்தில் விசாலத்தின் வால்வு என்ன ஆயிற்றோ என்பதுதான் என் கவலை. மாவோடு மாவாகப் படுக்கையறைக்கு ஓடினேன். கட்டில் காலி. அந்த ஒரு நிமிஷம் எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. திரும்பி ஓடிவந்து பார்த்தால் சமையலறை நிலைப்படியில் நிற்கிறாள். யார் கையும் பிடிக்காமல் ஹாலைச் சுற்றித் தானே நடந்து வந்திருக்கிறாள். கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேலு கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு சிரித்தாள் பார்! "ஐயோ, சிரிக்கப் பண்ணாதேங்கோ, தையல் இழுக்கறது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்பி, ஆபரேஷன் தியேட்டர் கதவை மூடின நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. இனிமேல் கேட்கப்போவதே இல்லை என்று பயந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அங்கேயே நின்று குழந்தைபோல அழுதுவிட்டேன். "கண்ல மாவு பூந்துச்சா சார்?" என்று கேட்டு வேலு தன் துண்டை எடுத்துக் கொடுத்தான். நல்ல மனுஷன்.

சம்புடத்தின் அடியில் மிச்சமிருந்த மாவை வழித்து இட்லி வார்த்தேன். உப்பில்லாத இட்லி. அவள் கேட்டு வாங்கி இன்னொன்றும் சாப்பிட்டாள். ஆனால் நீயே சொல், சாப்பிட்டது இட்லிதானே, அவள் கேட்ட சோடா இன்னும் வரவில்லையே. நான் தோற்றுப்போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் ஆத்துக்காரி ஆசையாக வாங்கிவிட்டுப் பரணில் போட்டிருக்கிறாளே ஒரு சோடா மெஷின், அடுத்த மாதம் அக்காவைப் பார்க்க வரும்போது அதைத் தவறாமல் கொண்டுவா. காற்று அடைத்த சின்ன சிலிண்டர், மூடி, அதற்கென்று இருக்கிற பாட்டில் எதையும் விட்டுவிடாதே. அது வந்துவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. இந்தச் சோடா அலைச்சலில் நான் நாற்காலிப் பக்கமே போகவில்லை, அதன்மேல் இஸ்திரித் துணி குவிந்து கிடக்கிறது. மெஷின் வந்த மறுநாளே துணியை எடுத்துப் போட்டுவிட்டு, பழையபடி அவள் எதிரே உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வேன்.

உனக்கும் உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் தீர்க்காயுசாக ஆசீர்வாதம். இந்தக் கடுதாசிக்குப் பதிலாகக் கட்டைவிரல் அனுப்பினால் உன்னை இந்த ஜன்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு, தலைக்குமேல் காய்ந்துபோன மாவைச் சுரண்ட ஏணி தேடும்,
அத்திம்பேர் ரகுபதி.

பி.கு. அம்பி, இது அக்கா எழுதறது. அத்திம்பேர் கவர் மேல அட்ரஸ் எழுதி என்கிட்ட குடுத்துட்டு ஏணி கேக்க மாடிக்குப் போயிருக்கார், அதுக்குள்ள எழுதிடறேன். எனக்குச் சோடாவே பிடிக்காது. சின்ன வயசுல மூக்குல ஏறி நான் அழுதது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாற்காலில உக்காந்துண்டு என்னையே பாத்துண்டிருந்தார்டா. நான் கண்ணை மூடினாப் போறும், "விசாலம், விசாலம்"னு எழுப்பிடுவார். தானும் சாப்பிடலை, தூங்கலை. பயந்து பயந்து அந்த மூஞ்சியே சுருங்கிப் போயிடுத்து. அதைப் பாத்துண்டு எனக்கு எப்படிச் சாதம் இறங்கும்? என்ன வேணும், என்ன வேணும்னு கேட்டார், வாயில வந்ததைச் சொன்னேன். இப்போ நன்னாச் சாப்பிடறார், கடைக்காரனோட சண்டை போடறார், மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கறார். நானும் தூங்கறேன். மெஷினைக் கொண்டு வராதே. கொண்டுவந்தே தீரணும்னு அவர் ஒத்தக்கால்ல நின்னார்னா, ஏதாவது ஒரு பாகத்தை நாக்பூர்லயே மறந்து வெச்சுட்டு வா.