மிதிங்க ஷெட்டில் பிழைத்த எலுமிச்சம்பழம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிக் கால் வலித்தவர்கள் பாதி என்றால், ‘மிதிங்க’ ஷெட்டில் உட்கார்ந்த இடத்திலேயே கால் வலித்தவர்கள் மீதிப் பாதி. நான் மீதிப் பாதி. இதை எழுதும்போதும் வலது முழங்கால் முனகுகிறது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு தகர ஷெட். அங்கே பிரேக் வேலை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், ஊருக்குத் தெரியாது. நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு “மிதிங்க… புடிங்க… வுடுங்க” என்று குரல் கொடுத்துக் கொடுத்து ‘மிதிங்க’ என்றே பெயர் நின்றுவிட்டது. பிரேக்கில் ஏர் எடுக்க ஒருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். மற்ற ஷெட்டுகளில் மிதிப்பதற்கென்றே ஆள் இருப்பார். இவர் வைத்துக்கொள்ள மாட்டார்.

“வண்டி யாருதோ அவங்க காலுதான் மிதிக்கணும். நாளைக்கு ரோட்ல மிதிக்கப் போறது நானா?” என்பார்.

பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் ஷூவைக் கழற்றிவிட்டு மிதித்திருக்கிறார்கள். பட்டுப்புடவையோடு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா முகூர்த்தத்தைக் கோட்டை விட்டுவிட்டு மிதித்திருக்கிறார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு மிதித்துவிட்டு, மறுநாள் ஜீப் இல்லாமலே வந்து உட்கார இடம் கேட்டாராம்.

எனக்குத் தண்ணீர் கேன் வியாபாரம். ஒரு பிக்கப் வண்டி, ஒரு இடுப்பு வலி, இவ்வளவுதான் என் சொத்து. பௌர்ணமியன்று காலையில், கிரிவலத்துக்காக ரோட்டை அடைப்பதற்குள், அடி அண்ணாமலைக் கடைகளுக்கு அறுபது கேன் இறக்கியாக வேண்டும். ஒரு பௌர்ணமி தவறினாலும் அந்தக் கடைகள் வேறு ஆளிடம் போய்விடும்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, நாலு டயரிலும் எலுமிச்சம்பழம் நசுக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். பூஜையும் அதுவுமாக எதுவும் குறையாக இருக்கக் கூடாதென்று, மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலை, பானட்டுக்குள் குறைவாகத் தெரிந்த டப்பாவிலெல்லாம் ஊற்றி நிரப்பினேன். எல்லாம் பக்திதான்.

நாலாம் நாள் செங்கம் ரோட்டில் ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி நிற்கிறேன். பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. வண்டி தானாக நகர்ந்துபோய் முன்னாலிருந்த ஆட்டோவை இடித்துக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

மறுநாள், அதாவது பௌர்ணமிக்கு முதல் நாள், ஹேண்ட் பிரேக்கை நம்பி ஊர்ந்து ஊர்ந்து மிதிங்கவிடம் போனேன்.

“அண்ணே, அவசரம். நாளைக்குக் காலையில லோடு போவணும்.”

“மிதிங்க.”

மிதித்தேன்.

“அப்படியே புடிங்க.”

பிடித்தேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கமாக விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். எங்கேயும் ஈரம் இல்லை. பிறகு சாவகாசமாக உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டார்.

“அண்ணே, காலை எடுக்கட்டா?”

“பெடல் இறங்குதா?”

“இறங்கினே இருக்குது.”

“ஆயில் வெளிய ஒழுவல, பெடல் மட்டும் இறங்குது. அப்போ ஆயில அழுத்தித் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் போயிடுச்சு.”

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தவர் முகம் சுளித்தார். மூடியிலிருந்த ரப்பர் ஊறி உப்பிப் போயிருந்தது. டீ கிளாஸில் தண்ணீர் பிடித்து, டப்பாவிலிருந்து நாலு சொட்டு எடுத்து அதில் விட்டார்.

“பிரேக் ஆயில்னா தண்ணியில கரைஞ்சிடும். இது மெதக்குது பாருங்க. யாரு ஊத்துனது?”

“தெரியலண்ணே.”

“ஆயுத பூஜைக்கா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பூஜை முடிஞ்ச வாரம் வருஷா வருஷம் ரெண்டு மூணு பேரு இதுமாதிரி வர்றீங்க. சாமி உங்ககிட்ட ஆயில் கேட்டாராங்க?”

மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாற்றி, நாலு சக்கரத்திலும் ரப்பர் மாற்றி, குழாய்களைக் கழுவி முடிப்பதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. அப்புறம் ஏர் எடுப்பது. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துச் சக்கரத்துக்கு வந்தார். மிதிங்க, புடிங்க, வுடுங்க. நூறு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவும் தெம்பில்லை.

கடைசியில் பரீட்சை. ஊரெல்லாம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வண்டி எடுப்பார்கள். இவரிடம் எலுமிச்சம்பழம் பிழைத்தால்தான் வண்டி வெளியே போகும். சுண்ணாம்புக் கோட்டுக்குச் சில அடி தள்ளி, டயர் வரும் தடத்தில் பழத்தை வைப்பார். வேகமாக வந்து கோட்டில் மிதிக்க வேண்டும்.

வந்தேன், மிதித்தேன். பழம் சட்னி.

“இன்னும் காத்து இருக்குது. ஏறி மிதிங்க.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “போதும் வுடுங்கண்ணே! ரோட்ல எலுமிச்சம்பழமா நடக்கப் போவுது?”

“இல்ல, மனுசன்தான் நடக்கப் போறான்” என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடியும் ஏறி, மிச்சக் காற்றும் போகும்வரை மிதித்தேன். புதுப் பழம் வைத்து மறுபடி பரீட்சை. இந்த முறை பழம் பிழைத்தது. டயருக்கும் பழத்துக்கும் நடுவில் பாதத்தை வைத்து அளந்து, “ஒன்னர அடி” என்று திருப்திப்பட்டு, பழத்தையும் சாவியையும் என் கையில் கொடுத்தார்.

மறுநாள் விடிகாலை, அறுபது கேனோடு அடி அண்ணாமலையை நெருங்கிவிட்டேன். அப்போதே ஜனங்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். திடீரென்று ஓர் ஆள் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடியே குறுக்கே இறங்கிவிட்டார். மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. கேனெல்லாம் முன்னால் வந்து மோதின. வண்டியும் நின்றது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டத் தலையை வெளியே நீட்டினேன். வெறுங்காலும் விபூதியுமாக நின்றுகொண்டிருந்தவர் மிதிங்க.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பம்பரைத்தான் பார்த்தார். தான் நின்ற இடத்திலிருந்து பம்பர் வரைக்கும் பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து அளந்தார்.

“ரெண்டு அடி. லோடோட ரெண்டு அடின்னா பரவால்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கும்பிட்டபடியே நடந்து போய்விட்டார்.

திட்ட வந்தவனுக்குக் கண்தான் கலங்கியது. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. அவர் இன்னும் ‘வுடுங்க’ என்று சொல்லவில்லையே.