நாய்க்குட்டியும் ரெண்டு நாள் கிழிக்காத காலண்டரும்

போன வாரம் ஒரு நாய்க்குட்டி வாங்கலாம்னு போனை எடுத்தேன். அவ்வளவுதாங்க வேலை.

எங்க நாய் டைகர் செத்து ஒரு மாசம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுகிட்ட இருக்கற டீக்கடைக்கு தெனமும் டைகரோடதான் போவாரு. அது போனதுலேருந்து டீக்கடை கட், பேப்பர் கட், பேச்சும் கட்.

நாப்பது வருசமா "ரசத்துல உப்பு பத்தல"ன்னு திட்டுன மனுசன். அன்னிக்கு நான் உப்பே போட மறந்துட்டேன். "நல்லாருக்கு"ன்னுட்டு எந்திரிச்சுப் போறாரு!

பயந்துட்டேன்.

குவைத்துல இருக்கற மக ஸ்டெல்லாகிட்ட சொன்னேன்.

"அம்மா, ஆன்லைன்ல நாய் விக்கறதுல நெறைய ஃப்ராடு. நேர்ல பாக்காம பணம் போடாத. இன்னிக்கு எடுத்த போட்டோவான்னு கேளு."

"எனக்கேவாடி சொல்ற?"

என் நாத்தனார் மாதிரி ஏமாற ஆளா நானு? அவ ஆன்லைன்ல பட்டுப்புடவைன்னு ஆர்டர் போட்டா. வந்தது கொசுவலைக்கு ஜரிகை வச்ச மாதிரி. அதையும் விடாம கட்டிக்கிட்டு பூசைக்கு வந்தா பாருங்க, ஃபாதர் பிரசங்கத்துல ரெண்டு தடவ தடுமாறிட்டாரு. சரி, நாய்க்கு வர்றேன்.

மொத ஆளு நல்லாத்தான் பேசுனான். "மேடம், குட்டி கும்பகோணத்துல இருக்கு. அட்வான்ஸ் போட்டா உடனே வண்டில ஏத்திடறேன்."

போட்டோ பாத்தேன். பொமேரியன் குட்டி, அழகுன்னா அழகு. அதுக்குப் பின்னாடி முட்டியளவு பனி!

"தம்பி, கும்பகோணத்துல எந்தத் தெருவுல பனி கொட்டுது?"

"அது... ஏசி ரூம் மேடம்."

பிளாக்!

அதோட எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு.

அடுத்தது நன்னிலத்துலேருந்து செல்வின்னு ஒரு பொண்ணு. "எங்க வீட்டு நாய் போட்ட குட்டிங்கம்மா. அட்வான்ஸ் எல்லாம் வேணாம். நேர்ல வந்து பாத்து எடுத்துக்கங்க."

அட்வான்ஸ் வேணாமா? அப்ப இவ பெரிய ஃப்ராடு!

"குட்டிய உங்க வீட்டு தேதி காலண்டர்கிட்ட வச்சு ஒரு போட்டோ அனுப்பும்மா."

அனுப்புனா. காலண்டர்ல வியாழக்கிழமை. எங்க வீட்டுக் காலண்டரைப் பாத்தேன். செவ்வாக்கிழமை!

"ஏம்மா, ரெண்டு நாளை முன்கூட்டியே கிழிச்சுட்டியா?"

"இன்னிக்கு வியாழன்தாங்கம்மா."

"ரயில்வேக்காரர் பொண்டாட்டிகிட்டயே டைம மாத்தறியா?"

"ஐயோ, பக்கத்துல யார்கிட்டயாவது கேளுங்கம்மா!"

"கேக்கறேன். போலீஸ்லயே கேக்கறேன்!"

கட் பண்ணிட்டு, எங்க கோயில் மாதர் குரூப்ல போட்டேன்: "எச்சரிக்கை! நன்னிலம் செல்வி நாய் ஃப்ராடு. தேதியவே மாத்தறா."

வரிசையா கோவ மூஞ்சி வந்து விழுந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. அப்பத்தான் லூர்து அக்கா வாய்ஸ் மெசேஜ்: "மேரி, எல்லாம் சரிடி. இன்னிக்கு வியாழக்கிழமை, ஆராதனைக்கு நீதான பூ கொண்டுவரணும்? பூ எங்க?"

போன்லயே தேதி இருக்குமேன்னு கேக்காதீங்க. இருந்துச்சு. அந்தப் பொடி எழுத்து கண்ணாடி போட்டாத்தான தெரியும்!

எங்க வீட்ல காலண்டர் கிழிக்கறது அவரு வேலை. வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஒருதடவ மளிகை லிஸ்ட் எழுத நான் கிழிச்சுட்டேன்னு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. டைகர் செத்த அன்னிக்குக்கூட எந்திரிச்சு வந்து கிழிச்சாரு.

இப்ப ரெண்டு நாளா அதையும் விட்டுட்டாரு. நான் கவனிக்கவே இல்ல.

குரூப்ல மன்னிப்பு போட்டுட்டு செல்விக்குப் போன் பண்ணேன்.

"நாந்தாம்மா, நீடாமங்கலம் மேரி."

"எந்தக் கிழமைலேருந்து பேசறீங்க?"

"தப்புதான் தாயி. தாளு கிழிக்காம விட்டுட்டோம்."

"இப்ப எனக்குத்தான் உங்க மேல சந்தேகமா இருக்கு. நீங்க உங்க வீட்டுக் காலண்டர் பக்கத்துல நின்னு போட்டோ அனுப்புங்க. தேதி சரியா இருக்கணும்!"

உள்ள போயி, "என்னங்க, செத்த வந்து ரெண்டு தாளு கிழிங்க"ன்னேன்.

"நீயே கிழி."

"நான் கிழிச்சா எப்படிங்க? சரியா இருந்தாத்தான் குட்டி குடுப்பாங்களாம்."

படுத்திருந்தவரு திரும்புனாரு. "எந்தக் குட்டி?"

ஒரு மாசத்துல அவரா கேட்ட மொத கேள்வி!

எந்திரிச்சு வந்து கிழிச்சாரு. போட்டோவும் அவருதான் எடுத்தாரு. ஸ்டேஷன்ல புடிச்சு நிறுத்துன திருடி மாதிரி நிக்கறேன். செல்வி அதை ஜூம் பண்ணிப் பாத்துட்டுதான் அட்ரஸே அனுப்புனா. மறுநா பஸ் ஏறிப் போயி நேர்ல பாத்து தூக்கிட்டு வந்தோம்.

இப்ப தெனம் காலைல அவரு தாளைக் கிழிக்கறாரு, குட்டி அந்தத் தாளைக் கிழிக்குது. ரெண்டும் சேந்து டீக்கடைக்குப் போயிடுதுங்க. கூட்டறது மட்டும் நானு.

ஆன்லைன்ல நாய் வாங்கறவங்க அட்வான்ஸ் போடாதீங்க, நேர்ல பாருங்க, பின்னாடி பனி இருக்கான்னு பாருங்க. அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக் காலண்டரை ஒருதடவ பாத்துக்கங்க.

நேத்து ரசத்துல உப்பு பத்தலையாம்.