குப்புறப்படு அண்ணாச்சி

காற்றுக்குப் பயந்தவர்களில் எங்கள் குப்புறப்படு அண்ணாச்சியை மிஞ்ச இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும். ஃபேன் விற்க வந்த ஆளையே வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

பரளச்சியில் பலசரக்குக் கடை அவருக்கு. அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே வாத்தியார். கடைக்குப் பின்னறையில் குடியிருந்தேன். இளவயதில் கடற்கரை ஊரில் கடை வைத்து, ஒரே காற்றில் கூரையைப் பறிகொடுத்து வந்தவர் அண்ணாச்சி. அதிலிருந்து, ரேடியோவில் எச்சரிக்கை என்று காதில் விழுந்தால் போதும், கடையில் நிற்பவர்களை எல்லாம் பிடித்துக் கல்கட்டு குடோனுக்குள் தள்ளிவிடுவார்.

“தகரத்துக்கு அடியில நிக்காதீக! ஜன்னப் பக்கம் போகாதீக! தலையில கைய வச்சுக் குப்புறப் படுங்க!”

ஒருமுறை பெண் பார்க்கப் போகிற கூட்டம் வெற்றிலை வாங்க இறங்கியது. மாப்பிள்ளையோடு ஏழு பேரும் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடந்தார்கள். வெளியே ஓர் இலை அசையவில்லை. பிறகு பெண் வீட்டில், பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு மாப்பிள்ளையால் தும்மத்தான் முடிந்தது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கல்யாணத்தை முடித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கோ காற்று என்றால் கொண்டாட்டம். வானம் பார்த்த பூமி. மேகம் கறுத்தால் அண்டா, குண்டான், குடத்தோடு தெருவுக்கு ஓடுவார்கள். அண்ணாச்சி அவர்களை உள்ளே இழுப்பார்.

“அட விடுங்க அண்ணாச்சி, மழத்தண்ணி வீணாப் போகுது!”

ஓர் ஐப்பசியில் அவர் ரேடியோ பழுதாகிவிட்டது. “வாத்தியாரே, பள்ளிக்கூட ரேடியோவுல என்ன சொல்றாகன்னு கேட்டுட்டு வாங்க” என்றார். கேட்டேன். எங்கள் பக்கத்துக்குச் சூறைக்காற்று எச்சரிக்கை இருந்தது. அன்று அருப்புக்கோட்டையில் சினிமா பார்க்க நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் பஸ் ஏற விடமாட்டார். வத்தல் மூட்டையோடுதான் பொழுது போகும்.

“எச்சரிக்கைய எடுத்துட்டாக அண்ணாச்சி. வெறும் மழைதானாம்.”

“வாத்தியார் சொன்னாச் சரிதான்.”

பஸ் வருவதற்குள் வானம் கறுத்தது. தெருவே பாத்திரமும் கையுமாக நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அண்ணாச்சியும் தம் பெரிய அண்டாவை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தார். மழை வரவில்லை, காற்றுதான் வந்தது. குடங்களெல்லாம் திருச்சுழி ரோட்டில் உருண்டு ஓடின. கடைத் தகரம் பிய்த்துக்கொண்டு வந்தபோது அண்ணாச்சி முதலில் என்னைத்தான் குடோனுக்குள் தள்ளினார். தகரம் அவருடைய வலது முழங்காலில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “வாத்தியார் மேல தப்பில்ல, ரேடியோக்காரவுகதான் தப்பாச் சொல்லிட்டாக” என்று எனக்காக வாதாடினார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் மூன்று வருடம் அவர் கடைப் பின்னறையில்தான் இருந்தேன், உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மாற்றலாகிப் போகும்போது, கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். அன்றும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. இருந்தால் போய் நான் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டு, திட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அண்ணாச்சி திட்டமாட்டார். “சாப்பிட்டீகளா வாத்தியாரே?” என்றுதான் கேட்பார்.